ஓர் இடைவெளியால் அழிந்த ஏடுகள்



லயத்து வீட்டில் வளர்ந்த நம்மில் பலருக்கும் ஒரு பழைய தகரப் பெட்டி நினைவிருக்கும். கட்டிலுக்கு அடியிலோ சாமி படத்துக்கு அருகிலோ அது இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், பாட்டனாரின் ஒரே ஒரு நிழற்படம், எல்லாம் அதற்குள்தான். வீடு மாறினாலும் சரி, தோட்டமே கைமாறினாலும் சரி, அம்மா முதலில் தூக்கிக்கொள்வது அந்தப் பெட்டியைத்தான். அதிலுள்ள ஒரு தாள் தொலைந்துபோனால் எத்தனை அலுவலகப் படிகளை ஏறி இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று அந்தத் தகரப் பெட்டியின் வேலையில் பாதியைக் கைத்தொலைபேசியும் கணிப்பொறியும் எடுத்துக்கொண்டுவிட்டன. பேரப்பிள்ளையின் படமும், காலஞ்சென்றவரின் குரலும், விண்ணப்பத் தாள்களின் படிகளும் அவற்றுக்குள் இருக்கின்றன. தகரப் பெட்டிக்குக் கறையானும் வெள்ளமும் பகை. கணிப்பொறிக்குள் இருக்கும் ஏடுகளுக்கு எது பகை?

திருடர்களையும் கிருமி நிரல்களையும் பற்றிப் பலர் பேசுகிறார்கள். நாம் இன்று பேசப்போவது வேறொன்று. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யாரும் திருட வரவில்லை. நிரல் எழுதியவர் நல்லது செய்யவே நினைத்தார். ஆனாலும் ஓர் எழுத்து பிசகியது. அல்லது எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அந்த வெற்றிடம் பல ஆண்டு உழைப்பை ஒரு நொடியில் துடைத்துவிட்டது. இப்படி நடந்த சில நிகழ்ச்சிகளின் வரலாற்றைத்தான் இன்று காண்போம்.

முதலில், கணிப்பொறி தன் ஏடுகளை எப்படி அடுக்கி வைக்கிறது என்று பார்ப்போம். தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வீட்டைக் குறிப்பிட நாம் என்ன சொல்கிறோம்? இன்ன தோட்டம், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் லயம், ஏழாம் வீடு என்கிறோம். கணிப்பொறியும் அப்படியே செய்கிறது. எல்லாவற்றுக்கும் வேராக ஓர் இடம். அதற்குள் சில அறைகள். அந்த அறைகளுக்குள் சிறிய அறைகள். கடைசியில் கோப்பு எனப்படும் ஏடு. ஓர் அறையின் பெயருக்கும் அடுத்த அறையின் பெயருக்கும் நடுவில் ஒரு சாய்வுக்கோடு போடுகிறார்கள். தனியாக ஒரு சாய்வுக்கோட்டை மட்டும் எழுதினால், அது வேரையே, அதாவது முழுத் தோட்டத்தையே குறிக்கும்.

இந்த அடுக்குமுறையைப் பரவலாக்கியது யூனிக்ஸ் என்னும் இயக்க நிரல். அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகிய அறிஞர்கள் அதைத் தொடங்கினார்கள். 1971-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதல் கையேட்டிலேயே 'ஆர்.எம்.' என்னும் ஈரெழுத்து ஆணை இடம்பெற்றிருந்தது. அகற்று என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. அந்த ஆணையைக் கொடுத்து ஒரு கோப்பின் பெயரைச் சொன்னால் கோப்பு போய்விடும். குப்பைக்கூடையில் போட்டு வைத்து, வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி அதில் இல்லை. அக்காலத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரு சில வல்லுநர்கள். அவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டுக்கொண்டிருப்பது வீண் என்று கருதினார்கள்.

பிற்காலத்தில் இந்த ஆணையோடு இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் வழக்கம் பரவியது. 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்தால், அறைக்குள் அறையாகப் போய் உள்ளே இருக்கும் அத்தனையையும் அழி என்று பொருள். 'எஃப்' என்ற எழுத்தைச் சேர்த்தால், யாரையும் கேட்காதே, தயங்காதே என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் அது கூர்மையான கத்தி. பால் வெட்டும் கத்தி கூர்மையாக இருந்தால்தான் வேலை நடக்கும். ஆனால் கை ஒரு நூலளவு பிசகினால் மரத்துக்குக் காயம். அதே கதைதான் இங்கும்.

அந்தக் கத்தி எவ்வளவு ஆழம் வெட்டும் என்பதை 1998-ஆம் ஆண்டு பிக்சார் படநிறுவனம் அறிந்துகொண்டது. கணிப்பொறியால் வரையப்பட்ட 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் தவறான இடத்தில் நின்றுகொண்டு அந்த அழிக்கும் ஆணையைக் கொடுத்துவிட்டார். ஓரின் ஜேக்கப் என்னும் தொழில்நுட்ப அலுவலர் அப்போது கதாபாத்திரங்களின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணெதிரே கோப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போயின. உடனே இயந்திர அறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, மின்சாரக் கம்பியைப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

காப்புப் படி இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் படியும் சரியாகப் பதிவாகவில்லை என்று. படி எடுக்கும் ஏற்பாடு சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அப்படியானால் படம் எப்படிப் பிழைத்தது? கேலின் சஸ்மன் என்னும் பெண்மணி அங்கே மேற்பார்வைத் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தார். அவர் அண்மையில்தான் குழந்தை பெற்றிருந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக ஒரு கணிப்பொறியை வீட்டில் வைத்திருந்தார். படத்தின் படி ஒன்று அதற்குள் இருந்தது. அந்தக் கணிப்பொறியைக் கம்பளிப் போர்வைகளால் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, பட்டையால் கட்டி, மெள்ள ஓட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல என்று சொன்னால் மிகையாகாது. அதிலிருந்து எடுத்த கோப்புகளைப் பலர் இரவு பகலாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். யார் அழித்தது என்று தேடி ஆளைப் பிடிக்கும் வேலையில் அவர்கள் இறங்கவில்லை. முதலில் வேலையைக் காப்பாற்றுவோம் என்றார்கள். பின்னர் கதையையே பெரும்பாலும் மாற்றி எழுதி, 1999-ஆம் ஆண்டு நவம்பரில் படத்தை வெளியிட்டார்கள்.

பிக்சாரில் தவறியது ஒரு மனிதரின் கை. அடுத்து வருபவற்றுள் பெரும்பாலானவற்றில் ஆணை கொடுத்தது மனிதர் அல்லர். நிரலே தானாகக் கொடுத்தது. இந்த வேறுபாட்டை நாம் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதர் தவறினால் ஓரிடத்தில் சேதம். ஒரு நிரலுக்குள் தவறு புகுந்துகொண்டால், அதைப் பயன்படுத்தும் எல்லா இடங்களிலும் சேதம்.

2001-ஆம் ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம், பாட்டுக் கேட்பதற்கான ஐடியூன்ஸ் என்னும் நிரலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. புதியதை நிறுவும்முன் பழையதை அழிக்க வேண்டும் அல்லவா? அதற்காக நிறுவல் நிரலுக்குள் அந்த அழிக்கும் ஆணையை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் முகவரியை மேற்கோள்குறிகளுக்குள் வைக்க மறந்துவிட்டார்கள்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். கணிப்பொறிக்கு ஆணை கொடுக்கும்போது இடைவெளி விட்டால், 'இத்தோடு ஒரு பெயர் முடிந்தது, அடுத்த பெயர் தொடங்குகிறது' என்று அது எடுத்துக்கொள்ளும். ஒருவரிடம் 'முத்து' என்ற பெயரில் ஒரு வட்டும், 'முத்து இரண்டு' என்ற பெயரில் இன்னொரு வட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'முத்து இரண்டு என்ற வட்டிலுள்ள பழைய நிரலை அழி' என்பது நிரலின் எண்ணம். கணிப்பொறி அதை எப்படிப் படித்தது? 'முத்துவை அழி, பிறகு இரண்டிலுள்ள பழைய நிரலை அழி' என்று படித்தது. முத்து என்ற வட்டு முழுவதும் போயிற்று. ஆப்பிள் நிறுவனம் உடனே அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருத்திய பதிப்பை வெளியிட்டது. திருத்தம் என்ன தெரியுமா? விட்டுப்போன மேற்கோள்குறிகளைப் போட்டதுதான்!

இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்டதா? பத்து ஆண்டுகள் கழித்து, 2011-இல், வேறொரு குழுவினர் வேறொரு நிரலில் அதே குழியில் விழுந்தார்கள். லினக்ஸ் என்னும் இயக்க நிரலில் ஓடும் மடிக்கணிப்பொறிகளில் பாட்டரியைச் சிக்கனப்படுத்த உதவும் 'பம்பிள்பீ' என்னும் சிறு நிரல் அது. இலவசமாக, பொதுநலத்துக்காக எழுதப்பட்டது. அதன் நிறுவல் நிரலில் 'யூ.எஸ்.ஆர்.' என்னும் பேரறைக்குள் இருக்கும் ஒரு சிற்றறையை அழிக்கும்படி ஒரு வரி இருந்தது. அந்த வரியில் பேரறையின் பெயருக்கு அடுத்து, தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரே ஓர் இடைவெளி!

நம்முடைய முகவரியை வைத்து இதைச் சொல்லிப் பார்ப்போம். 'இரண்டாம் டிவிஷன், மூன்றாம் லயம், ஏழாம் வீட்டின் பழைய கொட்டகையைப் பிரித்துப் போடு' என்று சொல்ல வந்தவர், 'இரண்டாம் டிவிஷன்' என்றதும் மூச்சுவிட நின்றுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த வேலையாள் சொல்லுக்குச் சொல் செய்பவர்; மறுகேள்வி கேட்காதவர். இரண்டாம் டிவிஷனையே பிரித்துப் போட்டுவிட்டார். லினக்ஸ் கணிப்பொறியில் பெரும்பாலான நிரல்கள் வாழும் இடம் அந்த 'யூ.எஸ்.ஆர்.' அறைதான். அது போனபின் கணிப்பொறி வெறும் கூடு. நிரலை எழுதியவர் தவறை ஒளிக்கவில்லை. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த இடைவெளியை நீக்கினார்.

நேயர்களே, இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இவ்வளவு ஆபத்தான ஆணைக்கு ஒரு காவல் போடக்கூடாதா? போட்டார்கள். 2006-ஆம் ஆண்டிலிருந்து லினக்ஸ் கணிப்பொறிகளில், வேரையே அழி என்று ஆணை கொடுத்தால் அந்த ஆணை மறுத்துவிடும். ஆனால் காவலாளி நின்றது முன்வாசலில் மட்டும்தான். முழுத் தோட்டத்தையும் அழி என்றால் தடுப்பார். தோட்டத்துக்குள் இருக்கும் முதல் டிவிஷனை அழி, இரண்டாம் டிவிஷனை அழி, மூன்றாம் டிவிஷனை அழி என்று தனித்தனியாகச் சொன்னால் தடுக்கமாட்டார். இந்தச் சந்து வழியாகத்தான் 2015-ஆம் ஆண்டின் விபத்து நுழைந்தது.

வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் கணிப்பொறி விளையாட்டுகளை விற்பது. அதன் விற்பனை நிரலுக்கு ஸ்டீம் என்று பெயர். லினக்ஸ் கணிப்பொறிக்கான ஸ்டீமில், ஏதாவது கோளாறு ஏற்பட்டால் தன் அறையைத் தானே காலிசெய்துவிட்டு மீண்டும் புதிதாக அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அதற்காக அந்த நிரல் இரண்டு வேலைகளைச் செய்யும். முதலில், 'நான் குடியிருக்கும் அறை எது?' என்று கண்டுபிடித்து அதன் பெயரைக் குறித்துக்கொள்ளும். பிறகு, 'குறித்துவைத்த அறைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அழி' என்று ஆணை கொடுக்கும்.

ஒருவர் தம்முடைய ஸ்டீம் அறையை இன்னொரு வட்டுக்கு மாற்றி வைத்தார். பழைய இடத்தில், 'அறை இப்போது அங்கே இருக்கிறது' என்று காட்டும் ஒரு கைகாட்டியை மட்டும் விட்டுவைத்தார். பிறகு ஸ்டீமைத் திறந்தார். நிரல் தன் அறையைத் தேடியது, கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. ஆனால் நிரல் நின்று யோசிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போயிற்று. 'இன்ன அறைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அழி' என்ற ஆணையிலிருந்து அறையின் பெயர் காணாமல்போனால் என்ன மிஞ்சும்? ஒரு சாய்வுக்கோடும், 'எல்லாவற்றையும்' என்பதைக் குறிக்கும் விண்மீன் குறியும் மிஞ்சும். அதாவது, வேருக்கு அடியில் இருக்கும் ஒவ்வோர் அறையையும் அழி! முன்வாசல் காவலாளிக்கு இதில் தடுக்க ஒன்றுமில்லை.

அந்த மனிதருக்குச் சொந்தமான கோப்புகள் அனைத்தும் போயின. அவர் விவரம் அறியாதவரும் அல்லர். தம் கோப்புகளுக்கெல்லாம் வேறொரு வெளிவட்டில் படி எடுத்து வைத்திருந்தார். ஆனால் அந்த வெளிவட்டு அந்நேரம் கணிப்பொறியோடு இணைந்தே இருந்தது. அதுவும் ஒரு டிவிஷன்தானே! அதையும் துடைத்துவிட்டது நிரல்.

இதில் நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அழிக்கும் ஆணை எழுதப்பட்ட வரிக்கு மேலே, அதை எழுதியவரே ஒரு சொல்லைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். 'பயமாயிருக்கிறது!' என்பது அதன் பொருள். இந்த இடம் ஆபத்தானது என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆனால் பயத்தை எழுதிவைத்தாரே ஒழிய, பயத்தைப் போக்கும் வேலையைச் செய்யவில்லை. 'பெயர் வெறுமையாக இருந்தால் நின்றுவிடு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பிறகு வால்வ் நிறுவனம் அப்படி ஒரு சோதனையைச் சேர்த்தது. பாலத்தில் பலகை உளுத்திருக்கிறது என்று தெரிந்தும், 'கவனம்' என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இனி 2017-ஆம் ஆண்டுக்கு வருவோம். நிரல் எழுதுவோர் தங்கள் வேலையைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கென்றே ஏற்பட்ட இடம் கிட்லேப். உலகெங்குமுள்ள நிரலாளர்கள் அதை நம்பியிருந்தார்கள். அவ்வாண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு, அங்கே ஓர் அலுவலர் நெடுநேரம் வேலை செய்து களைத்திருந்தார். இரண்டு கணிப்பொறிகளில் ஒன்றில் கோளாறு. அதன் தரவு அறையைக் காலிசெய்ய நினைத்தார். ஆனால் அவர் அப்போது நின்றது மற்றொன்றில், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததில். ஓரிரு நொடியில் தவறை உணர்ந்து நிறுத்தினார். 300 கிகாபைட் தரவில் எஞ்சியது ஏறத்தாழ 4.5 கிகாபைட்.

சரி, தவறியது கைதானே, நிரலுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். காப்புப் படி எடுப்பதற்கு அங்கே ஒரு கருவி நிரல் இருந்தது. அது நாள்தோறும் படி எடுக்க வேண்டும். ஆனால் தரவகத்தின் புதிய பதிப்புக்கு ஏற்ற கருவியை விட்டுவிட்டு, பழைய பதிப்புக்குரிய கருவியை அது எடுத்துக்கொண்டது. பதிப்பு பொருந்தாததால் படி எடுக்கும் வேலை ஒவ்வொரு நாளும் தோற்றுப்போனது. தோற்றதும் ஒரு மின்னஞ்சல் எச்சரிக்கையை அனுப்பத்தான் செய்தது. ஆனால் அந்தக் கடிதங்கள் முறையாகக் கையொப்பமிடப்படாதவை என்று சொல்லி, அஞ்சல் ஏற்பாடு அவற்றைத் தள்ளிவிட்டது. காவலாளி கூவினார், கூவல் வீட்டுக்குள் கேட்கவில்லை. அன்று நல்ல வேளையாக, விபத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே அலுவலர் வேறொரு சோதனைக்காக ஒரு படி எடுத்து வைத்திருந்தார். அதைக் கொண்டு மீட்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மட்டும் திரும்பவில்லை.

அந்த நிறுவனம் நடந்ததை மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையை உலகமே பார்க்கும்படி நேரலையில் காட்டியது. பிறகு வெளியிட்ட அறிக்கையில் அந்த அலுவலரின் பெயரைச் சொல்லவில்லை. குழு உறுப்பினர் 1 என்று மட்டுமே குறிப்பிட்டது. ஒருவர் களைப்பில் தவறுவது இயல்பு. அந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளும்படி ஏற்பாடுகள் இல்லாமல் போனதுதான் குற்றம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கடைசியாக, நம் ஆசியக் கண்டத்திலேயே நடந்த ஒன்று. ஜப்பானிலுள்ள கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஒரு மீத்திறன் கணிப்பொறி உண்டு. பல துறை ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்குகளை அதற்குள் செய்து, முடிவுகளை அதிலேயே சேர்த்து வைக்கிறார்கள். அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஜப்பானின் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்திடம் இருந்தது. காப்புப் படி எடுக்கும் நிரல் தன் வேலையைப் பற்றிய குறிப்பேடுகளை எழுதிக்கொண்டே போகும். 10 நாளுக்கு மேற்பட்ட பழைய குறிப்பேடுகளை அது தானே அழித்துவிடும். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், படிப்பதற்குத் தெளிவாக இருக்கட்டும் என்று எண்ணி, அந்த நிரலில் சில பெயர்களை மாற்றி எழுதினார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன்மேல் எழுதிவிட்டார்கள்.

இதை இப்படி நினைத்துப் பாருங்கள். காலையில் பிரட்டுக் களத்தில் கிராணி ஒருவர் அன்றைய வேலைத் தாளை வரிவரியாகப் படித்து ஆள் அனுப்புகிறார். 'இன்று சுத்தம் செய்ய வேண்டிய இடம்: பழைய ஸ்டோர்' என்று முதல் வரியில் இருக்கிறது. பின்னால் ஒரு வரியில், 'மேலே சொன்ன இடத்திலுள்ள பழைய சாமான்களையெல்லாம் எறியுங்கள்' என்று இருக்கிறது. அவர் பாதி படித்துக்கொண்டிருக்கும்போது, யாரோ அவருடைய கையிலிருந்த தாளை உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகிவிட்டார்கள். புதுத் தாளில் அந்த இடத்துக்கு வேறொரு அடையாளப் பெயர். அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லும் வரி மேலே இருக்கிறது. அதை அவர் படிக்கவே இல்லை. விரல் இருந்த வரியிலிருந்து அப்படியே தொடர்ந்து படித்தார். 'எறியுங்கள்' என்பது இருக்கிறது. எங்கே என்பது இல்லை.

கியோத்தோவிலும் அதுவே நடந்தது. அந்த வகை நிரலைக் கணிப்பொறி முழுவதுமாக ஒரே தடவையில் படித்து வைத்துக்கொள்வதில்லை. ஓடும்போதே சிறிது சிறிதாகப் படித்துக்கொண்டு போகும். நடுவில் தாள் மாறியதால், இடத்தின் பெயர் வெறுமையாகிவிட்டது. குறிப்பேடுகளை அழிக்க வேண்டிய ஆணை, ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. டிசம்பர் 14 மாலை தொடங்கி 16 நண்பகல்வரை அது ஓடியது. அழிந்தவை ஏறத்தாழ 77 டெராபைட். கோப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம். 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்புப் படியிலிருந்தும் மீட்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அழித்தது காப்பதற்கென்றே எழுதப்பட்ட நிரல்! வேலியே பயிரை மேய்ந்தது என்பது இதுதான்.

அந்த நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், நூற்றுக்கு நூறு இது எங்கள் பொறுப்பே என்று ஒப்புக்கொண்டது. நடந்தது என்ன, பிசகு எங்கே என்பதையும் விளக்கமாக எழுதியது. பல்கலைக்கழகம் அந்த விவரங்களை ஊரறிய வெளியிட்டது. காப்பு நிரலை நிறுத்தி வைத்துத் திருத்தினார்கள். அத்தோடு, முக்கியமான கோப்புகளுக்கு நீங்களும் வேறிடத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆராய்ச்சியாளர்களையும் கேட்டுக்கொண்டார்கள்.

நேயர்களே, 1998 முதல் 2021 வரை இந்த நிகழ்ச்சிகளை அடுக்கிப் பார்த்தோம். இடங்கள் வேறு, மனிதர்கள் வேறு. ஆயினும், ஆணைக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒரு கேள்வி ஒவ்வொன்றிலும் விட்டுப்போயிருந்தது. நான் நிற்கும் இடம் எது, எதை அழிக்கப்போகிறேன், சொல்லப்பட்ட பெயர் உண்மையில் இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. மனிதன் மறந்தால் இயந்திரம் கேட்க வேண்டும். இயந்திரத்தைக் கேட்க வைப்பதும் மனிதனின் வேலைதான். நம் பிள்ளைகளில் பலர் இன்று கணிப்பொறித் துறையில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். நாளை அவர்களும் ஒரு வரியின்மேல் 'பயமாயிருக்கிறது' என்று எழுத நேரலாம். எழுதுவதோடு நின்றுவிடாமல், அந்தப் பயத்துக்கு ஒரு வேலி கட்டிவிட்டு எழுந்திருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவைப்போம்.

வீட்டிலிருக்கும் நாம் என்ன செய்வது? இந்த வரலாறே வழி காட்டுகிறது. படம், பத்திரம், குரல் எதுவானாலும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று கைத்தொலைபேசியில் இருந்தால், இன்னொன்று தனி வட்டிலும், மற்றொன்று வேறு ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். பிக்சார் படத்தைக் காப்பாற்றியது வேறு வீட்டில் இருந்த படிதான். தனி வட்டில் படி எடுத்து முடித்ததும் கம்பியைக் கழற்றி வட்டை எடுத்து உள்ளே வையுங்கள். இணைந்தே இருக்கும் வட்டு, விபத்தில் சேர்ந்தே போகும் என்பதை 2015-இல் கண்டோம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்தப் படியைத் திறந்து, நாலு படங்களைப் பார்த்து வையுங்கள். இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு, இருப்பது வேறு. பிக்சாரும் கிட்லேப்பும் இதைத்தான் வருந்திக் கற்றன. வீட்டில் யாராவது தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால், அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். பயந்தவன் மறைப்பான்; மறைத்தால் மீட்கும் நேரம் போய்விடும். கணிப்பொறி வட்டிலிருந்து அழித்த கோப்பு, பல வேளைகளில், உடனே முழுவதும் மறைந்துவிடுவதில்லை. அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்குகிறது. அதன்மேல் புதியது எழுதப்படுவதற்குள் வேலையை நிறுத்தி, விவரம் அறிந்தவரிடம் கொண்டுபோனால் மீட்க வழியுண்டு.

பிறப்புப் பத்திரம் போன்றவற்றின் மூலத்தாளை மட்டும், படமெடுத்து வைத்துவிட்டோமே என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அம்மாவின் தகரப் பெட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது. புதிய பெட்டிகள் எத்தனை வந்தாலும், வீட்டை விட்டுப் புறப்படும்போது அதை முதலில் தூக்கிக்கொண்ட அந்தக் கையின் அக்கறை நம் கையிலும் இருக்க வேண்டும்.